தந்தப் பிடில் பெற்ற தஞ்சை வடிவேலு

நாஞ்சில் நாட்டு மக்களுக்கு நவராத்திரி வந்துவிட்டால் ஒரு தனி மகிழ்ச்சி. பத்மநாபபுரம் அரண்மனையிலிருந்து சரசுவதி தேவி புறப்படுவாள். குமாரகோவிலிலிருந்து முருகப் பெருமான் வருவார். சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கை வருவாள். மூவரும் ஊர்வலமாகத் திருவனந்தபுரம் போய்ச் சேருவார்கள். வழியெல்லாம் மக்கள் விளக்கேற்றி வைத்து வணங்குவார்கள்.

திருவனந்தபுரத்தில் நவராத்திரி மண்டபத்தில் சரசுவதி கொலுவிருப்பாள். அவள் முன்னே ஒன்பது நாளும் இசைக் கச்சேரி நடக்கும். பாடுகிறவருக்குப் பக்கத்தில் ஒருவர் பிடில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வயலின் என்று இப்போது நாம் சொல்லும் அதே வாத்தியந்தான். சரசுவதியின் கையில் இருப்பது வீணை. அவள் முன்னே வாசிக்கப்படுவதோ கடல் கடந்து வந்த வெள்ளைக்காரர் வாத்தியம்.

அந்த அன்னிய வாத்தியம் நம் சபைக்கு வந்தது எப்படி? நம் இராகங்களைப் பாட அதற்குக் கற்றுக் கொடுத்தவர்கள் யார்? அந்தச் சிலரில் முக்கியமான ஒருவர் தஞ்சாவூர் வடிவேலு. திருவிதாங்கூர் மகாராஜா சுவாதித் திருநாள் 1834-ஆம் ஆண்டில் அவருக்கு யானைத் தந்தத்தால் செய்த பிடில் ஒன்றைப் பரிசளித்தார். அப்போது வடிவேலுவுக்கு வயது 24. மகாராஜாவுக்கு வயது 21.

நட்டுவனார் வீட்டுப் பிள்ளை

வடிவேலு 1810-ஆம் ஆண்டில் பிறந்தார். தந்தையார் பெயர் சுப்பராயன். பாட்டனார் கங்கைமுத்து நட்டுவனார். ஆலயத்திலும் அரண்மனையிலும் ஆடும் பெண்களுக்கு நடனம் கற்பித்து, தாளம் தட்டி ஆட்டுவிப்பது நட்டுவனாரின் தொழில். பரம்பரை பரம்பரையாக அந்தக் குடும்பம் அதைச் செய்து வந்தது.

சுப்பராயனுக்கு நான்கு பிள்ளைகள். மூத்தவர் சின்னையா. அடுத்தவர் பொன்னையா. மூன்றாமவர் சிவானந்தம். கடைக்குட்டி வடிவேலு. இந்த நால்வரையும் தஞ்சை நால்வர் என்று இசை உலகம் இன்றும் போற்றுகிறது.

இன்று நாகர்கோவிலிலும் நெல்லையிலும் சென்னையிலும் பெண் குழந்தைகள் பரதநாட்டிய அரங்கேற்றம் செய்கிறார்கள். முதலில் அலாரிப்பு. பிறகு சதிசுவரம், சப்தம், வர்ணம், பதம். கடைசியில் தில்லானா. இந்த வரிசையை ஒழுங்கு செய்து கொடுத்தவர்கள் தஞ்சை நால்வரே. எந்தப் பிள்ளையும் படிப்படியாகக் கற்கும்படி அடவுகளைப் பாடமாக வகுத்தவர்களும் அவர்களே.

நால்வருக்கும் வாய்த்த குரு சாமானியமானவர் அல்லர். சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துசாமி தீட்சிதர் அவர்களுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தார். சாதி வேற்றுமை கடுமையாக இருந்த காலம் அது. தீட்சிதரோ நட்டுவனார் வீட்டுப் பிள்ளைகளைத் தம் பிள்ளைகளைப்போல் உட்கார வைத்துப் பல ஆண்டுகள் கற்பித்தார். நால்வரும் அந்த நன்றியை மறக்கவில்லை. நவரத்தின மாலை என்று ஒன்பது பாடல்களை இயற்றிக் குருவுக்குக் காணிக்கை ஆக்கினார்கள்.

நால்வரில் வடிவேலுவுக்கு ஒரு தனித் திறமை உண்டு. ஒரு பாட்டை ஒரு முறை கேட்டால் போதும், அப்படியே மனத்தில் பதிந்துவிடும். இதனால் அவருக்கு ஏகசந்தக்கிராகி என்று குருவே பட்டம் கொடுத்தார் என்று சொல்வார்கள். பிற்காலத்தில் பிடிலைக் கையில் எடுத்தபோது இந்தக் காதுதான் வடிவேலுவுக்குக் கைகொடுத்தது.

கோட்டையில் கேட்ட வாத்தியம்

பிடில் நம் நாட்டுக்கு வந்தது வெள்ளைக்காரப் பட்டாளத்தோடும் வியாபாரிகளோடும்தான். சென்னையில் செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் கும்பினியாரின் பாண்டு வாத்தியம் முழங்கியது. அந்தக் காலத்தில் சென்னைக்கு அருகே மணலி என்ற ஊரில் தீட்சிதர் குடும்பம் சில காலம் வாழ்ந்தது. அவர்களை ஆதரித்த மணலி முதலியார் கும்பினியாரிடம் செல்வாக்கு உள்ளவர். அவர் தீட்சிதர் சகோதரர்களைக் கோட்டைக்கு அழைத்துப் போய் வெள்ளைக்காரர் சங்கீதத்தைக் கேட்கச் செய்தார்.

முத்துசாமி தீட்சிதர் அந்த மெட்டுகள் சிலவற்றில் வடமொழிப் பாடல்கள் இயற்றினார். நோட்டு சுவரம் என்று இன்றும் குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்களே, அவை இப்படிப் பிறந்தவைதான். அவருடைய தம்பி பாலுசாமி தீட்சிதருக்கோ பிடில்மேல் ஆசை விழுந்தது. முதலியார் ஒரு ஐரோப்பிய ஆசிரியரை ஏற்பாடு செய்தார். மூன்று ஆண்டுகள் அவரிடம் பாலுசாமி பிடில் பயின்றார். பிறகு அதில் நம் இராகங்களை வாசித்துப் பழகி, எட்டயபுரம் சமஸ்தானத்தில் வித்துவானாக விளங்கினார்.

தஞ்சாவூரிலும் மேல்நாட்டுச் சங்கீதத்துக்குக் குறைவில்லை. சரபோஜி மன்னர் இங்கிலீஷ் படித்தவர். சுவார்ட்ஸ் பாதிரியாரிடம் பாடம் கேட்டவர். அவருடைய அரண்மனையில் மேல்நாட்டு வாத்தியங்கள் இருந்தன. அரண்மனை அதிகாரிகளில் ஒருவரான வராகப்பையர் பிடில் வாசித்தவர் என்று பெயர் பெற்றவர்.

வடிவேலுவுக்குப் பிடில் கற்றுக் கொடுத்தவர் சுவார்ட்ஸ் பாதிரியாரே என்று சிலர் எழுதி இருக்கிறார்கள். அது பொருந்தாது. பாதிரியார் காலமானது 1798-ஆம் ஆண்டில். வடிவேலு பிறந்ததோ அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து. குருவின் தம்பி பிடில் வித்துவான். பிறந்த ஊர் அரண்மனையிலும் பிடில் ஒலித்தது. இந்தச் சூழ்நிலையில் வளர்ந்த வடிவேலு அந்த வாத்தியத்தின்மேல் மனத்தைப் பறிகொடுத்ததில் வியப்பில்லை.

அன்னிய வாத்தியத்துக்கு நம் பாட்டு

பிடிலில் நம் சங்கீதத்தை வாசிப்பது சுலபமான காரியம் அல்ல. மேல்நாட்டார் அதைத் தோளில் சாய்த்து, மோவாயால் அழுத்திப் பிடித்துக்கொள்வார்கள். நின்றபடியோ நாற்காலியில் அமர்ந்தபடியோ வாசிப்பார்கள். எதிரே காகிதத்தில் சுவரங்கள் எழுதி இருக்கும். எழுதியதை எழுதியபடி வாசிப்பது அவர்கள் முறை.

நம் முறை வேறு. ஒரு சுவரம் ஆடாமல் அசையாமல் நிற்பது நமக்குப் போதாது. தோடி இராகத்தின் காந்தாரம் அசைந்து அசைந்து வரவேண்டும். ஒரு சுவரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிக்கொண்டு போகவேண்டும். இந்த அசைவுக்குக் கமகம் என்று பெயர். கமகம் இல்லாவிட்டால் இராகம் இராகமாக இராது. அதை எந்தக் காகிதத்திலும் முழுவதும் எழுத முடியாது. கேட்டுத்தான் கற்கவேண்டும்.

இங்கேதான் பிடிலின் அருமை விளங்குகிறது. வீணையில் 24 மெட்டுகள் உண்டு. தந்தியை மீட்டினால் நாதம் எழும்பிச் சிறிது நேரத்தில் அடங்கிவிடும். பிடிலில் மெட்டுக் கிடையாது. விரல் தந்தியின்மேல் எங்கே வேண்டுமானாலும் போகலாம், வழுக்கலாம், நிற்கலாம். வில்லை இழுத்துக்கொண்டே இருந்தால் நாதமும் நின்றுகொண்டே இருக்கும். மனிதர் குரலைப்போல நீண்டு ஒலிக்கும்.

வில் என்றதும் நாஞ்சில் நாட்டாருக்கு வில்லுப்பாட்டு நினைவுக்கு வரும். அந்த வில்லை வீசுகோலால் அடிப்பார்கள். பிடில் வில்லில் குதிரை முடியை இழுத்துக் கட்டிப் பிசின் தடவி இருப்பார்கள். அதைத் தந்தியின்மேல் உராய்ந்து இழுத்தால் இசை பிறக்கும்.

ஆனால், மெட்டு இல்லாததில் ஒரு சங்கடமும் இருக்கிறது. வீணையில் மெட்டு வழி காட்டும். பிடிலில் வழி காட்ட ஒன்றும் இல்லை. விரல் ஒரு நெல் அளவு விலகினாலும் அபசுவரம். காது ஒன்றுதான் துணை. ஆகவே, பாட்டு நன்றாகத் தெரிந்தவரே பிடிலில் இராகம் வாசிக்க முடியும். வடிவேலு முதலில் பாட்டுக்காரர். பிறகுதான் பிடில்காரர். தொண்டையில் இருந்ததை விரலுக்குக் கொண்டுவந்தார்.

நம்மவர்கள் அந்த வாத்தியத்தின் உருவத்தை மாற்றவில்லை. பிடிக்கும் விதத்தை மாற்றினார்கள். சம்மணம் இட்டு உட்கார்ந்து, பிடிலின் தலையைக் கணுக்காலில் ஊன்றி, அடிப்பாகத்தை மார்பில் பொருத்திக்கொள்வது நம் வழக்கம் ஆயிற்று. வாத்தியத்தைத் தாங்கும் வேலை இடது கைக்கு இல்லை. அதனால் அது தந்தியின்மேல் தடையின்றி ஓடும். சுருதி சேர்ப்பதிலும் நம் வழி தனி. நான்கு தந்திகளையும் சட்சமம், பஞ்சமம், சட்சமம், பஞ்சமம் என்று பாடகரின் சுருதிக்கு ஏற்பச் சேர்ப்பார்கள்.

இதெல்லாம் ஒருவர் ஒரு நாளில் செய்தது அல்ல. பலர் பல காலம் உழைத்துக் கண்டது. அந்தத் தொடக்க காலத்தில் முன்னே நின்றவர்களில் வடிவேலுவும் ஒருவர்.

தஞ்சையை விட்டுப் புறப்பட்டார்கள்

வாழ்வு எப்போதும் ஒரே சீராக ஓடுவதில்லை. தஞ்சை அரண்மனைக்கும் சகோதரர்களுக்கும் மனத்தாங்கல் ஏற்பட்டது. மானத்தோடு வாழ்வதா, மன்னர் தயவில் வாழ்வதா என்ற கேள்வி எழுந்தது. பிறந்த ஊர், பெரிய கோவில், பரம்பரைத் தொழில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நால்வரும் புறப்பட்டார்கள்.

அப்போது திருவிதாங்கூரில் ஓர் இளம் மன்னர் அரியணை ஏறி இருந்தார். அவர்தாம் சுவாதித் திருநாள். 1813-ஆம் ஆண்டில் பிறந்து, 1829-ஆம் ஆண்டில் பதினாறாவது வயதில் ஆட்சிப் பொறுப்பை ஏற்றவர். பல மொழிகள் அறிந்தவர். தாமே பாடல்கள் இயற்றுபவர். அவருக்கு ஆசிரியராக இருந்து பிறகு திவான் ஆன சுப்பராவும் தஞ்சாவூர்க்காரரே.

நாஞ்சில் நாடு அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் நெற்களஞ்சியம். சுசீந்திரம் கோவிலில் கொதிக்கும் நெய்யில் கைவிட்டுக் குற்றமற்றவர் என்று மெய்ப்பிக்கும் கைமுக்கு என்ற கொடிய வழக்கம் இருந்தது. அது நிறுத்தப்பட்டது இந்த மன்னர் காலத்தில்தான். 1834-ஆம் ஆண்டில் திருவனந்தபுரத்தில் இங்கிலீஷ் பள்ளிக்கூடம் திறந்தவரும், 1837-ஆம் ஆண்டில் வான ஆராய்ச்சிக் கூடம் அமைத்தவரும் அவரே. புதியது எதுவானாலும் நல்லதாக இருந்தால் வரவேற்கும் மனம் அவருக்கு இருந்தது.

அப்படிப்பட்ட மன்னர் பிடிலை அன்னிய வாத்தியம் என்று ஒதுக்குவாரா? தஞ்சைச் சகோதரர்களை வரவேற்று ஆதரித்தார். பிற்பாடு அண்ணன்மார் வேறு இடங்களுக்குப் போனார்கள். சின்னையா மைசூர் அரண்மனைக்குச் சென்று புகழ் பெற்றார். பொன்னையாவும் சிவானந்தமும் தஞ்சைக்குத் திரும்பினார்கள். வடிவேலு மட்டும் திருவனந்தபுரத்திலேயே தங்கினார்.

மன்னருக்கும் அவருக்கும் மூன்று வயதுதான் வித்தியாசம். ஒருவர் பாடல் இயற்றுவார். மற்றவர் அதை இசையிலும் நடனத்திலும் இழைத்துக் கொடுப்பார். கேரளத்தின் மோகினியாட்டம் அவர்கள் காலத்தில் புதுப் பொலிவு பெற்றது. தஞ்சையின் வர்ணமும் பதமும் தில்லானாவும் அதற்குள் வந்து சேர்ந்தன. சட்கால கோவிந்த மாரார், மேருசாமி போன்ற மேதைகள் நிறைந்த சபை அது. அந்தச் சபையில் வடிவேலுவின் பிடில் ஒலித்தது. அதற்குக் கிடைத்த மரியாதைதான் தந்தப் பிடில்.

கள்ளரும் கண் கலங்கினர்

வடிவேலுவைப் பற்றி வழிவழியாகச் சொல்லி வரும் கதை ஒன்று உண்டு.

அந்த நாளில் ரயில் இல்லை, மோட்டார் இல்லை. தஞ்சைக்கும் திருவனந்தபுரத்துக்கும் ஏறத்தாழ 500 கிலோமீட்டர் தூரம். மதுரை, நெல்லை கடந்து ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக நாஞ்சில் நாட்டுக்குள் நுழைந்து மேற்கே போவது ஒரு முக்கியமான பாதை. கால்நடையாகவோ, மாட்டு வண்டியிலோ, பல்லக்கிலோதான் போகவேண்டும். வழியில் காடு உண்டு. கள்ளர் பயமும் உண்டு.

ஒரு முறை வடிவேலு பிரயாணம் செய்தபோது காட்டில் திருடர்கள் வழி மறித்தார்கள். பணம், நகை, துணிமணி எல்லாவற்றையும் பறித்துக்கொண்டார்கள். பிடிலையும் எடுத்துக்கொண்டார்கள். பொருள் போனதற்கு வடிவேலு வருந்தவில்லை. பிடிலை மட்டும் கொடுத்துவிடும்படி கெஞ்சினார். இந்த மரக்கட்டைக்கு இவ்வளவு மன்றாடுகிறானே என்று திருடர்களுக்கு ஆச்சரியம். அதில் என்ன இருக்கிறது என்று வாசித்துக் காட்டச் சொன்னார்கள்.

வடிவேலு அங்கேயே உட்கார்ந்து வாசித்தார். திருடர்கள் மெய் மறந்து கேட்டார்கள். பறித்தவை அனைத்தையும் திருப்பிக் கொடுத்து, காட்டைக் கடக்கும்வரை காவலாகவும் வந்தார்களாம்.

இன்னொரு கதையும் சொல்வார்கள். திருவையாற்றில் வாழ்ந்த தியாகராச சுவாமிகளைத் தம் சபைக்கு அழைத்து வரவேண்டும் என்று சுவாதித் திருநாள் ஆசைப்பட்டார். வடிவேலுவைத் தூது அனுப்பினார். வடிவேலு திருவையாற்றுக்குப் போய்த் தங்கினார். தினமும் பாடிக்கொண்டும் பிடில் வாசித்துக்கொண்டும் இருந்தார். சுவாமிகள் அதைக் கேட்டு மகிழ்ந்து, என்ன வேண்டும் என்று கேட்டார். திருவனந்தபுரம் வரவேண்டும் என்றார் வடிவேலு. அரசர்களை நாடிச் செல்லாத விரதம் சுவாமிகளுடையது. ஆனாலும் வாக்குக் கொடுத்தாயிற்று. மன்னரும் தாமும் மறு உலகில் சந்திப்போம் என்று சொல்லி அனுப்பிவிட்டாராம்.

கடலுக்கு அப்பாலும் இதே கதை

அன்னிய வாத்தியத்தை எடுத்துத் தம் குரலாக்கிக்கொண்டவர்கள் உலகில் வேறு இடங்களிலும் உண்டு. அமெரிக்காவின் தென்பகுதியில் நீக்ரோ மக்கள் அடிமைகளாகப் பருத்திக் காடுகளில் உழைத்தார்கள். அவர்களுடைய பாட்டிலும் நேராக நிற்காத, வழுக்கி விழும் சுவரங்கள் உண்டு. அடிமைத்தனம் ஒழிந்த பிறகு அவர்கள் கையில் ஐரோப்பாவிலிருந்து வந்த கிட்டார் கிடைத்தது.

கிட்டாரில் வீணையைப்போல மெட்டுகள் உண்டு. இரண்டு மெட்டுக்கு நடுவே உள்ள சுவரம் அதில் பேசாது. அவர்கள் என்ன செய்தார்கள்? தந்தியை விரலால் பக்கவாட்டில் இழுத்து வளைத்தார்கள். கத்தியையும் புட்டிக் கழுத்தையும் தந்தியின்மேல் வழுக்கி வாசித்தார்கள். கிட்டார் அழுதது, சிரித்தது, பேசியது. அந்த இசைக்குப் புளூஸ் என்று பெயர். அதோடு உறவு கொண்டு வளர்ந்தது ஜாஸ்.

ஜாசில், நம் ஆலாபனையைப்போல, வாத்தியக்காரர் தம் கற்பனையைக் கொண்டு அந்த அந்த நேரத்தில் புதிதாக வாசிப்பதற்கு இடம் உண்டு. ஆனால், வெகு காலம் கிட்டார் பின்னணியில் தாளம் கொட்டும் வாத்தியமாகவே பெரும்பாலும் இருந்தது. 1939-ஆம் ஆண்டில் சார்லி கிறிஸ்டியன் என்ற நீக்ரோ இளைஞர் மின்சாரக் கிட்டாருடன் பென்னி குட்மன் என்ற பிரபல வாத்தியக்காரரின் குழுவில் சேர்ந்தார். கிட்டாரைத் தனித்து வாசிக்கும் வாத்தியமாக முன்வரிசைக்குக் கொண்டுவந்தார். காச நோயால் அவர் 1942-ஆம் ஆண்டில் இறந்தபோது வயது 25தான். அவருடைய இசைத்தட்டுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டே எத்தனையோ பேர் கிட்டார் கற்றார்கள்.

காவிரிக் கரைக்கும் அமெரிக்கப் பருத்திக் காட்டுக்கும் தொடர்பு கிடையாது. ஆனால், கற்ற முறை ஒன்றே. முதலில் தம் பாட்டைத் தெரிந்துகொண்டார்கள். பிறகு வாத்தியத்தை அதற்கு வளைத்தார்கள். இன்று புதிதாகக் கிட்டாரையோ பிடிலையோ கையில் எடுக்கும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பாடம் வேறு இல்லை. விரல் வேகம் பிறகு வரும். காது முதலில் பழகவேண்டும். ஒரு வரியைப் பாடத் தெரிந்த பிறகு அதை வாசித்துப் பார்த்தால், எங்கே தவறு என்று விரலுக்குக் காதே சொல்லும்.

இளமையில் மறைந்தார்

வடிவேலு நீண்ட நாள் வாழவில்லை. நாற்பது வயதை எட்டும் முன்பே காலமானார். அவரை ஆதரித்த சுவாதித் திருநாள் மகாராஜாவும் 1846-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் முப்பத்து மூன்றாம் வயதில் மறைந்தார். அவர்கள் காலத்தில் இசையைப் பிடித்து வைக்கும் கருவி இல்லை. வடிவேலு தோடி வாசித்தது எப்படி இருந்தது என்று இன்று கேட்க வழி இல்லை.

ஆனால், அவர் பட்ட பாடு வீண் போகவில்லை. தந்தப் பிடிலை அவருடைய வம்சத்தார் தஞ்சாவூரில் பாதுகாத்து வந்தார்கள். நால்வர் வகுத்த நடன முறையும் அந்தக் குடும்பத்தின் வழியே உலகெங்கும் பரவிற்று. பிடிலோ கர்நாடக சங்கீதத்தில் இரண்டாவது குரலாகவே ஆகிவிட்டது. பாடகர் ஓர் இராகத்தை இழுத்தால் பிடில் நிழல்போலத் தொடரும். அவர் நிறுத்தினால் இது தன் கற்பனையைச் சொல்லும். பிடில் இல்லாத பாட்டுக் கச்சேரியைக் காண்பது அரிது. பிடில் திறந்த வழியில் பின்னர் மாண்டலின் வந்தது, சாக்சபோன் வந்தது, கிட்டாரும் வந்தது.

இன்று எந்தக் கிராமத்துக் கோவில் விழாவிலும் பிடிலைக் கண்டு, இது யாருடைய வாத்தியம் என்று யாரும் கேட்பதில்லை. நம்முடையது என்றே எல்லாரும் நினைக்கிறார்கள். தஞ்சை வடிவேலுவுக்குக் கிடைத்த பரிசுகளில் தந்தப் பிடிலைவிடப் பெரிய பரிசு இதுவே.